கொத்தமல்லி வெளியே தெரியணும்

சத்வாவில் என்னோடு வளர்ந்த பிசாசுகளே, நமக்கு வயதாகிவிட்டது. மறைக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு பாட்மின்டன் ஆடுகிறீர்கள், மீதிப் பேர் ஓரமாக உட்கார்ந்து ஆடுகிறவர்களைப் போட்டோ எடுக்கிறீர்கள். எனக்கு நேற்று ஒரு நரைமுடி கிடைத்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆபீஸ் வேலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இதை மடமடவென்று டைப் செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் நம்ம குரூப்பில் இருந்து லெஃப்ட் ஆகிக்கொள்ளலாம்.

எதற்கு இந்த அவசரம்? போன வாரம் குரூப்பில் ஒருத்தி கேட்டாள், "அங்கே இருந்த போலீஸ் நல்லவங்களா, கெட்டவங்களாடி?" என்று. ஆளாளுக்கு அடித்துக்கொண்டீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதில் தெரியாததால்தான். இப்போதும் தெரியாது. தெரியாததை எவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று மட்டும் பாருங்கள்.

வளைகுடாவில் நம் ஊருக்கு மெட்ரோ வராத காலம். இப்போது எல்லோரும் செல்ஃபி எடுக்கிற அந்தப் பெரிய கோபுரம் அப்போது தலையில் கிரேன்களோடு பாதி உயரத்தில் நின்றது. எங்கள் வில்லா ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீடு. உள்ளே போனால் சட்டத்துக்குத் தெரியாமல் பிளைவுட் தட்டியால் பிரித்த ஒரு சின்ன ஊர். ஹாலில் ஒரு குடும்பம், சாப்பாட்டு அறையில் ஒரு குடும்பம், கார் ஷெட்டில் தகரம் அடித்து இன்னொரு குடும்பம். எங்கள் அறைக்கு ஜன்னல் உண்டு, அதனால் நாங்கள் அந்த ஊரின் பணக்காரர்கள். அப்பா ஃபோர்மேன். சைட் அல் ஐன் பக்கம், வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டில் தூங்குவார். அம்மா அறைக்குள்ளேயே மெஷின் போட்டுத் தைத்தாள். லைசென்ஸ் கிடையாது, போர்டு கிடையாது. வாயால் கேள்விப்பட்டு வருவார்கள். மெஷின் எண்ணெய், இஸ்திரிப் பெட்டியின் ஆவி, புதுத்துணியின் கஞ்சி வாசனை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு.

அந்த வெயில் காலத்தில் ஸ்கூலுக்குப் போலீஸ் வந்தது. பயப்படாதீர்கள், யாரையும் பிடிக்க அல்ல. பச்சை-வெள்ளைக் காரை மைதானத்தில் நிறுத்தி, எங்களை ஒவ்வொருவராக உள்ளே ஏற்றி, சைரனை அமுக்க விட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு கலரிங் புத்தகம். அதில் மீசை வைத்த போலீஸ் அங்கிள் ஒருவர் பக்கத்துக்கு ஒரு குழந்தையைக் காப்பாற்றுவார். கடைசிப் பக்கத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமி, எதிரே கதவைத் திறந்தபடி ஒரு போலீஸ் கார். நான் அவளுக்குப் பழுப்பு நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி, "ஸ்கின் கலர் பென்சில் இருக்கே" என்று இளஞ்சிவப்புப் பென்சில் ஒன்றை நீட்டினாள். அது யாருடைய ஸ்கின் என்று நான் என் கையைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அப்படியே பென்சிலை டப்பாவில் போட்டுவிட்டோம்.

எனக்குப் போலீஸ் மேல் பைத்தியம் பிடித்தது இப்படித்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். மெஷினை நிறுத்தாமல் சொன்னாள்: "உள்ள வை. வாசல்ல ஒக்காந்து அதைப் பிரிக்காத."

வில்லாப் பெண்களுக்கு அந்த வார்த்தையே ஆகாது. 'பச்சை' என்பார்கள். "பச்சை நிக்குது, அந்தப் பக்கம் சுத்திப் போ." அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் தலைவி பஸ் ஆன்ட்டி. எங்கள் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை, ஊர் நாகர்கோவில், பக்கத்து அறை. அவர் புருஷனுக்குக் கத்தாரில் ராஸ் லஃபானில் கேஸ் கம்பெனி வேலை. ஆன்ட்டி என் அம்மாவிடம் ஒரு கதையை அடிக்கடி சொல்வார். நான் துணி மூட்டைக்குப் பின்னால் படுத்தபடி கேட்டிருக்கிறேன்.

"நான் பாட்டுக்கு பஸ்ஸுக்கு நிக்கேன் பாத்துக்க. ஒருத்தன் வண்டிய ஒட்டிக் கொண்டாந்து நிறுத்துதான். கண்ணாடிய எறக்கி, எவ்வளவுன்னு கேக்கான். அந்நேரம் பாத்து பச்சை வருது. அப்பாடான்னு இருந்துச்சு, கேட்டியா? அந்தப் பய சர்ருன்னு போயிட்டான். எறங்கி வந்த போலீசு என்கிட்ட கேக்கான், பத்தாக்கா எங்க, ஒத்தைல இங்க நின்னு என்ன செய்யுத, மாப்பிள எங்கன்னு."

"வண்டிக்காரனை விட்டுட்டு உங்களையா கேட்டான்?"

"என்னையத்தான். மாப்பிள ராஸ் லஃபான்ல இருக்காருன்னேன். அது கத்தாருல்லா, அப்ப நீ எதுக்கு இங்க இருக்கன்னு கேக்கான்."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. பத்தாக்கா என்றால் நம் கையில் எப்போதும் இருக்க வேண்டிய கார்டு, அது எனக்குத் தெரியும். புரியாதது வேறு. அந்த ஆள் எவ்வளவு என்று கேட்டானே, ஆன்ட்டி என்ன விற்றார்? கையில் ஒரு பைகூட இல்லையே?

அதற்குப் பிறகு பை வந்தது. ஆகவே பை இல்லாமல் நின்றதுதான் தப்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஆன்ட்டி போட்ட சட்டம் இது: "கையில பிள்ள, கழுத்துல தாலி, பையில கொத்தமல்லி. கொத்தமல்லி வெளிய தெரியணும், பாத்துக்க. வீட்டுக்குப் போய்ச் சமைக்கப் போறவள ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

லிப்ஸ்டிக் கூடாது. பொட்டு பெரிதாக இருக்க வேண்டும். துப்பட்டா இரண்டு தோளிலும். தாலி இல்லாதவளுக்கு அம்மா மஞ்சள் கயிறு முறுக்கிக் கொடுத்தாள். எல்லாம் சரி, பிள்ளைக்கு எங்கே போவது? வில்லாவில் இருந்தவை ஒன்று கைக்குழந்தைகள், இல்லாவிட்டால் கையை உதறிவிட்டு ஓடுகிற வானரங்கள். கைக்கு அடக்கமாக, வாய்க்குப் பூட்டு போட்டாற்போல் இருந்தது நான் ஒருத்திதான். எனவே வில்லாவில் எந்தப் பெண் தனியாக வெளியே போனாலும் என்னைக் கடன் வாங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு, போன் கார்டு வாங்க, ஊருக்குப் பார்சல் போட. வெளியே யாரோடு போனாலும் அவளை மம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். யூனிஃபார்ம் போட்டவர் கேட்டால் பெயர், வீடு, போன் நம்பர் எதையும் சொல்லக்கூடாது. கூலி, சிப்ஸ் நொறுக்கிப் போட்டுச் சுருட்டிய ஒரு பரோட்டா. நான் அந்தத் தெருவின் நடமாடும் பர்மிட், மக்களே. அப்போது எனக்கு இருந்த மவுசு அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் கிடைக்கவில்லை.

ஒரு தடவைகூட எங்களை யாரும் நிறுத்தவில்லை. கொத்தமல்லி வேலை செய்கிறது என்றார் ஆன்ட்டி. கொத்தமல்லி இல்லாவிட்டாலும் நிறுத்தியிருக்க மாட்டார்களோ? அதைச் சோதித்துப் பார்க்க எவளும் தயாராக இல்லை.

இந்த ஊருக்குள்தான் நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி வந்து சேர்ந்தாள். இலங்கை மலைநாடு, ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். அல் ஐனில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவள். ஒரு பட்டாணிய டாக்ஸிக்காரர், தமிழ் பேசும் பெண்கள் இருக்கும் வீடு என்று கேட்டு விசாரித்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போனார். அம்மா கதவைத் திறந்தபோது அவள் கையில் ஒரு காலிக் குப்பைக் கூடை.

"குப்பை போடத்தான் அண்ணி வெளிய வந்தேன். கேட்டு தொறந்து கெடந்திச்சு. அப்புறம் காலு நிக்கவே இல்ல."

"அடிச்சாங்களா?"

"அடிக்கல. பூட்டி வச்சிட்டுப் போவாங்க. பகல்ல இவங்க வீட்டு வேல, ராவுல இவங்க தங்கச்சி வீட்டு வேல. தூக்கந்தான் இல்லைங்க."

அவளுடைய பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த அந்த வீட்டுக்காரரிடம். 'ஓடிப்போய்விட்டாள்' என்று அவர் இந்நேரம் போலீசில் சொல்லியிருப்பார் என்று ஆன்ட்டி அடித்துச் சொன்னார். அக்காவுக்கு ஊரில் என் வயதில் ஒரு மகள், தங்கச்சி வீட்டில் வளர்ந்தாள். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் ஊருக்குப் போவது ஒன்றுதான். மாதம் ஒரு முறை அம்மாவின் தையல் சாக்கட்டியால் கதவு நிலையில் என் உயரத்தைக் கோடு போடுவாள். "எம்புள்ளயும் இப்ப இவ்வளவு வளந்திருக்கும்" என்று அந்தக் கோட்டைத் தடவுவாள்.

"பொலிஸ்ல போய்ச் சொன்னா அவங்களே ஊருக்கு அனுப்பிட மாட்டாங்களா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

பதில் ஆன்ட்டியிடமிருந்து வந்தது. "அனுப்புவான் அனுப்புவான், உள்ள. எப்ப வெளிய விடுவான்னு எவளுக்குத் தெரியும்? கார்டு இல்லாதவளுக்கெல்லாம் பொது மன்னிப்பு வரும். அப்ப எல்லாரும் போவா, நீயும் போ. அதுவரைக்கும் திரைக்கு அந்தப் பக்கம் இரி."

அம்மா நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்: "எங்க ஊருல ஸ்டேஷன் படி மிதிச்ச பொம்பளையப் பத்தி மூணு தலைமொறைக்குப் பேசுவாங்க. இங்க எப்படியோ. எதுக்கு வம்பு?"

யாரும் போய்ப் பார்த்ததில்லை. யாருக்கும் போய் வந்த ஆளையும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அக்கா எங்கள் அறையில் ஒரு திரைக்குப் பின்னால் இருந்தாள். இஸ்திரி போடுவாள், ஊக்கு தைப்பாள். அப்போது நான் அட்டையில் போலீஸ் தொப்பி ஒன்று செய்திருந்தேன். ஒரு மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு திரையைச் சடாரென்று விலக்கி, "பத்தாக்கா!" என்று கத்தினேன்.

அக்கா எழுந்து நின்றாள். சிரிக்கவில்லை. கண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தொப்பியைத்தான் பார்த்தது. எனக்குத் தெரியாத ஒரு பாஷையில், வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி, ஏதோ சொன்னாள். ஒரு கை ரவிக்கைக்குள் எதையோ தேடியது. கீழே இஸ்திரிப் பெட்டி யாருடைய பட்டு ரவிக்கையையோ தின்றுகொண்டிருந்தது. கருகல் வாசனைக்கு ஓடிவந்த அம்மா முதலில் பெட்டியை எடுத்தாள், அப்புறம் என்னை அறைந்தாள். எதற்கு அறை என்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன்.

"எங்க நாட்டுல கொழும்புக்குப் போற வழியில பொலிஸ் பஸ்ஸ நிப்பாட்டும் பாப்பா. எல்லாரும் எறங்கணும். ஐடென்டி கார்டப் பாப்பாங்க, சிங்களத்துல பதில் சொல்லணும். தமிழாளுன்னா தனியா நில்லுன்னுவாங்க."

"நின்னா?"

"நிக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறமும் நிக்கணும்."

"அப்ப கலரிங் புக்ல இருக்கிற போலீஸ் அங்கிள்?"

புத்தகத்தை வாங்கி உண்மையாகவே பார்த்தாள். "இவரு நல்லாத்தான் இருக்காரு. மீசைக்குக் கலர் அடி."

பிறகு அவளுக்குப் பல்வலி வந்தது. கிராம்பு வைத்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார்கள், ஆன்ட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு தைலத்தை வைத்தார். கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியது. கராமாவில் ஒரு மலையாளி டாக்டர் இருந்தார், கார்டு கேட்க மாட்டார். ஆனால் பஸ்ஸில் போக வேண்டும். வீங்கிய முகத்தோடு, கார்டு இல்லாமல் ஒருத்தி. அம்மா யோசித்தாள். ஒரு சூடானிப் பெண் தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் கிடந்தது: நீலத்தில் ஆரஞ்சு மாங்காய் போட்டது. அதில் அவசரமாக எனக்கு ஒரு ஃபிராக்கும் அக்காவுக்கு ஒரு சுடிதார் டாப்ஸும் அடித்தாள்.

"ஒரே துணியில போனா தாயும் மகளும்னு தூரத்துலேர்ந்தே தெரியும். எவனும் கிட்டக்க வந்து பாக்க வேண்டியதில்ல."

ஆன்ட்டி கைதட்டினார். "இது என் புத்திக்கே வரல பாரேன்!"

கண்ணாடி முன்னால் அக்கா என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். வீங்காத பக்கத்தால் சிரித்தாள்.

ஸ்கூல் விட்டு வந்த பின் கிளம்பினோம். சத்வா பஸ் ஸ்டாண்டில் அனல். தார் உருகி என் செருப்பு ஒட்டி ஒட்டி விட்டது. பஸ் வந்ததும் முன் கதவில் பெண்கள் முண்டினார்கள். அக்கா என்னை முதலில் ஏற்றிவிட்டாள். அந்தத் தள்ளுமுள்ளில் அவள் பையிலிருந்து கொத்தமல்லிக் கட்டு கீழே விழுந்தது. அவள் குனிந்தாள்.

யோசித்துப் பாருங்கள். வேறு எதுவாக இருந்தாலும் விட்டுவிட்டு ஏறியிருப்பாள். விழுந்தது கொத்தமல்லி. அதுதானே அவளுடைய கார்டு.

கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே நீலமும் ஆரஞ்சுமாக என் ஃபிராக் துணியே ஓடிவருகிற மாதிரி இருந்தது. அப்புறம் அது சின்னதாகி, திருப்பத்தில் காணாமல் போனது.

நான் அழவில்லை. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே பிரஜை அந்த பஸ்ஸில் நான்தான். ஒரு நிறுத்தத்தில் பச்சை-வெள்ளைக் கார் நிற்பதைப் பார்த்ததும் இறங்கினேன். நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கம் போலவே கதவு திறந்தது. மீசை மட்டும் இல்லை, சின்ன வயதுப் போலீஸ்காரர்.

"மம்மா வேர்?" என்றார்.

இங்கேதான் சிக்கல். பெயரையும் நம்பரையும் சொல் என்றது புத்தகம். சொல்லாதே என்றாள் அம்மா. நான் சமரசமாக வாயை மூடிக்கொண்டு ஏசிக்கு முன்னால் முகத்தைக் காட்டினேன். அவர் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். சைரனை அமுக்க விட்டார், ஒரே ஒரு தடவை.

அங்கே ஒரு போலீஸ்காரம்மா. கறுப்புத் துணியால் தலையை மூடி, அதன் மேல் தொப்பி. பெருமூச்சு விட்டுக்கொண்டே சிரிக்கிற முகம். நிறம் அச்சு அசல் எங்கள் அக்கா நிறம். புத்தகத்தில் எந்தப் போலீசுக்கும் நான் அந்தப் பழுப்புப் பென்சிலை எடுத்ததே இல்லை. அவர் எனக்கு மாம்பழ ஜூஸில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்து, "கானா காயா?" என்று இந்தியில் கேட்டு, என் கலைந்த சடையைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டார். அம்மாவைவிட மெதுவாகப் பின்னினார்.

அதே நேரம் வில்லாவில் நடந்தது எனக்கு ஆன்ட்டி பின்னால் சொன்னது.

அக்கா ஓடிவந்து விழுந்திருக்கிறாள். "அண்ணி, பாப்பா பஸ்ஸுல தனியாப் போயிட்டா. பொலிசுக்கு அடிங்க."

அம்மாவின் கையில் நோக்கியா. மூன்றே எண். கட்டைவிரல் பட்டன் மேல் இருந்ததாம். "அவங்க இங்க வந்தா மொத வெலங்கு ஒனக்குத்தான், பைத்தியம்! அப்புறம் மெஷினு, ஷெட்டுல இருக்கறவங்க, எல்லாரும் ரோட்டுல நிக்கணும். அவ கராமாலதான் எறங்குவா, டாக்டர் கட நமக்குத் தெரியும். தேடிடலாம்."

"என்னைப் பத்தி இருக்கட்டும் அண்ணி. புள்ள..."

"நீ திரைக்கு அந்தப் பக்கம் போ. வெளிய தலை காட்டாத."

அம்மாவும் ஆன்ட்டியும் டாக்ஸியில் பறந்தார்கள். அம்மா கராமா முழுக்கத் தலைவிரி கோலமாக ஓடியிருக்கிறாள், போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறாள். வழியில் இரண்டு பச்சை வண்டிகளைப் பார்த்துவிட்டு எதிர்ச் சாரிக்கு மாறியிருக்கிறாள். இதை ஆன்ட்டி சொன்னபோது அம்மா அறையை விட்டு எழுந்து போனாள்.

அக்கா திரைக்குப் பின்னால் போகவில்லை. பின்கதவு வழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, நிறையப் பேர் பார்க்க, பச்சை-வெள்ளைக் காரின் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள். நான் தட்டிய மாதிரியே.

அவள் ஸ்டேஷனுக்குள் வந்தபோது கன்னம் பலாப்பழமாக இருந்தது. கையில் அதே பை, கொத்தமல்லி வெளியே தெரியும்படி. வாடிப்போய்த் தொங்கியது. நான் ஒப்பந்தப்படி "மம்மா!" என்று ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கண்ணை மூடினாள். மார்பில் கை வைத்தாள். அப்புறம் ஒரு அடி பின்னால் போனாள். "நோ மம்மா" என்றாள். அந்த அல் ஐன் வீட்டில் கற்ற அரபியில் மடமடவென்று பேசினாள். அவளுக்கு அரபி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யாரோ ஒரு பிள்ளை தனியாக பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன், சொல்ல வந்தேன், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நானே நிரப்பிக்கொள்கிறேன். அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். என்னைத் தெரியாது என்று கையை ஆட்டுகிறாள்.

"அக்கா, நான்தான்! நான்தான்க்கா!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்: "அழாத பாப்பா. அம்மா நம்பரைச் சொல்லிரு. சொல்லலாம், தப்பில்ல."

சொன்னேன். போலீஸ்காரம்மா நம்பரை அழுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "பத்தாக்கா?"

அட்டைத் தொப்பிக்கு அப்படி நடுங்கியவள் நிஜத் தொப்பிக்கு நடுங்கவில்லை. "மாஃபி" என்றாள். இல்லை. அவ்வளவுதான். கை எதையும் தேடவில்லை.

போலீஸ்காரம்மாவின் குரல் ஏறியது. சடை பின்னிய அதே ஆளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கத்திக்கொண்டே வந்தவர் கன்னத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து மாத்திரை எடுத்தார், தன் தண்ணீர் பாட்டிலையே கொடுத்தார், அக்கா விழுங்கும் வரை நின்று பார்த்தார். விழுங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்தினார்.

அம்மா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோளுக்கு மேலே கண் அக்காவைப் பார்த்துவிட்டு விலகியது.

"திஸ் லேடி, யூ நோ?"

"நோ."

"நோ?"

"நோ மேடம்."

போலீஸ்காரம்மா எழுந்து வந்தார். என் ஃபிராக்கின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். அதை விடாமல், மறு கையால் பக்கத்தில் இருந்த அக்காவின் கைமடிப்பைப் பிடித்தார். நீலம், ஆரஞ்சு மாங்காய். நீலம், ஆரஞ்சு மாங்காய். விரல்கள் துணியை மெதுவாகத் தேய்த்தன. அம்மாவின் மூச்சு என் உச்சந்தலையில் நின்றுபோனது. அக்கா தரையைப் பார்த்தாள்.

"நைஸ்" என்றார். "ஹூ ஸ்டிச்?"

"ஷாப்" என்றாள் அம்மா.

"விச் ஷாப்?"

அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். போலீஸ்காரம்மா அம்மாவின் விரல்களைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். நீளமாகப் பார்த்தார். பிறகு இரண்டு துணியையும் ஒரே நேரத்தில் விட்டார்.

"கலாஸ். யல்லா, டேக் யுவர் கேர்ள்."

முடிந்தது, கிளம்பு என்று சொல்லிவிட்டார். "அக்காவும் வரணும்" என்று நான் ஆரம்பித்தபோது அம்மாவின் உள்ளங்கை என் வாயில் இருந்தது. கதவருகே திரும்பிப் பார்த்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷம், சமையலுக்கு ஆகுமே என்று கொத்தமல்லிப் பையை அம்மாவிடம் நீட்டப் போனாள். பாதி நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். தெரியாதவர்களிடம் யாராவது கொத்தமல்லி கொடுப்பார்களா? பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அம்மா என் ஃபிராக்கைக் கத்தரித்துப் போட்டாள். மிச்சத் துணியையும் சேர்த்து. பெரிய கத்தரிக்கோல், அடையாளம் தெரியாத துண்டுகள். நான் ஒரு துண்டையாவது எடுத்து வைத்திருக்கலாம். நானோ என்னைத் தெரியாது என்று சொன்னவள் மேல் கடுங்கோபத்தில் இருந்தேன். கதவு நிலையில் இருந்த சாக்கட்டிக் கோடுகளை எச்சில் தொட்டு அழித்தேன். அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு உறைக்க நான் காலேஜ் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

வில்லாவுக்குப் போலீஸ் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஷெட்டுக் குடும்பம் மூட்டை கட்டியது, பிறகு பிரித்தது. யாரும் வரவில்லை.

குளிர்காலத்தில் ஹட்டனிலிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, நான் ஊருக்கு வந்துட்டேன்."

"அடிச்சாங்களா புள்ள?"

"இல்லைங்க. உள்ள வச்சிருந்தாங்க. சோறு குடுத்தாங்க. ஒருத்தி நல்லாப் பேசுவா, ஒருத்தி நாயேம்பா. பல்லைக்கூடப் புடுங்கி விட்டாங்க அண்ணி, காசு வாங்கல. கஃபீலக் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்ட வாங்கி ஏத்தி விட்டுட்டாங்க."

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மா மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றினாள். அத்தனை காலம் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது எதற்கு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

"அப்ப பயமா இல்லையா?"

"இருந்திச்சு. ஆனா கொழும்புல எறங்கினப்பதான் அண்ணி ரொம்பப் பயம். தமிழாளு, யாரு எவருன்னு நம்ம பொலிஸ் ஒரு நாள் முழுக்க ஒக்கார வச்சிட்டாங்க." சிரித்தாள். "பாப்பா பஸ்ஸுல ஏறுறப்ப கையப் புடிச்சிக்கிறாளா? அந்த மாங்கா போட்ட துணி மிச்சம் இருக்குங்களா? எம்புள்ளைக்கு ஒரு கவுனு. அளவு பாப்பா அளவேதான்."

"தீந்து போச்சு புள்ள" என்றாள் அம்மா.

போன வாரம் குரூப்பில் நீங்கள் அடித்துக்கொண்ட பிறகு, பட்டுக்கோட்டைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அந்தப் போலீஸ்காரம்மா துணியத் தொட்டாங்களே. கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"பின்ன? அவளுக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அப்ப ஏன் உன்னை விட்டாங்க?"

"தெரியலடி."

"உன்னை விட்டவங்க அக்காவை ஏன் விடல?"

"தெரியலங்கறேன்ல." மிக்ஸியை ஓட்டினாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்: "அந்தக் கைமடிப்புல தையல் ஒரு எடத்துல கோணலாப் போயிருந்துச்சு. வலிக்குது வலிக்குதுன்னு அவ மொனங்குனா, அவசரத்துல அடிச்சது. அந்தம்மா வெரல் அந்த எடத்துலயே நின்னுச்சு. சரி பண்ணிக் குடுத்திருக்கலாம்."

நேற்று வேளச்சேரி மார்க்கெட்டுக்குப் போனேன். தனியாகத்தான், சாயங்காலம், நல்ல வெளிச்சம். வாசலில் ஒரு போலீஸ் ஜீப். அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் பையைப் பார்த்தேன். கொத்தமல்லி தக்காளிக்கு அடியில் கிடந்தது. நின்று, அதை வெளியே இழுத்து, தெரியும்படி மேலே வைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனேன்.